செங்குத்துக் கால் இல்லாத பசு

ரஸ் ஹார்ட்விக்கைப் பழிவாங்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது, என் அப்பா வீட்டிலேயே காபி குடிக்கத் தொடங்கிய காலையில்.

அதுவரை அவர் ஒருநாளும் வீட்டில் காபி குடித்ததில்லை. காலைக் கறவை முடிந்ததும் கைகழுவிவிட்டு, பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு டாட் என்கிற பெண் நடத்தும் காபிக் கடைக்குப் போவார். அங்கே ஜன்னலோரம் ஒரு நீள மேசை. ஊரிலுள்ள பால் பண்ணைக்காரர்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, பால் விலையையும் மழையையும் திட்டுவார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். அப்பா அதிகம் பேசமாட்டார். ஆனாலும் அந்த மேசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது.

அந்த நாற்காலியைத்தான் ரஸ் அவரிடமிருந்து பறித்தான்.

எங்கள் பண்ணைக்குப் பாலில் வருவது போதாது. அதனால் தெருவை ஒட்டிய வயலில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மக்காச்சோளத்துக்குள் புதிர்வழி வெட்டுவோம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சோளத்துக்குள் ஜனங்கள் பணம் கொடுத்து வந்து தொலைந்துபோவார்கள். வழிகள் எல்லாம் சேர்ந்தால் வானத்திலிருந்து பார்க்க ஒரு படம் தெரியும். செப்டம்பரில் மருந்து தெளிக்கும் விமானக்காரர் மேலே பறந்து எடுக்கிற புகைப்படத்தை எங்கள் வாரப் பத்திரிகை முதல் பக்கத்தில் போடும். அதைப் பார்த்துத்தான் பள்ளிகள் பேருந்து நிறையக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரும்.

படத்தை யோசிப்பது என் வேலை. ரஸ் என்னோடு சேர்ந்து கொடி நட்டான், கயிறு பிடித்தான். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாகவும் இருந்தோம். போன வருடம் நான் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு நாரையைக் கணக்கிட்டேன். ஜூன் மாதம் அந்த நாரை, நெடுஞ்சாலையை ஒட்டிய ஹார்ட்விக் வயலில், எங்களுடையதற்கு முன்பே இறங்கிவிட்டது. நான் அவனுக்குப் போட்ட மோதிரம் தபாலில் திரும்பி வந்தது. நான் வீம்புக்கென்று எங்கள் வயலிலும் நாரையை வெட்டினேன். பத்திரிகை அவனுடையதை முதலில் போட்டது. “நடந்துகொண்டிருக்கும்போது சட்டென்று மனதில் தோன்றியது” என்று பேட்டி வேறு கொடுத்திருந்தான். அடுத்த வாரம் எங்களுடையது வந்தபோது, கீழே “இன்னொரு நாரை” என்று எழுதியிருந்தார்கள்.

நீள மேசையில் வெர்ன் என்கிற கிழவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டாராம்:

“வாரன், பக்கத்து வயலை எட்டிப் பாக்க எத்தனை அடி ஏணி வச்சிருக்கே?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாள் காலை சமையலறையில் அவர் தண்ணீர் கொதிக்க வைக்கும் சத்தம் கேட்டது. நான் படிக்கட்டில் நின்றபடி அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ரஸ்ஸைக் கொல்ல வேண்டும் என்றில்லை. அதே மேசைக்கு முன்னால், அதே ஆட்களுக்கு முன்னால், அவன் வாயாலேயே அவன் திருடன் என்று வர வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் எனக்குப் போதாது.

ஒன்பதாம் வகுப்பில் ரஸ் எனக்கு முன் பெஞ்சு. திருமதி ஆஸ்ட்ராண்டர் எங்களுக்கு இயற்கணிதம் எடுத்தார். ஒரு கோட்டைச் சொல்ல இரண்டு விஷயம் போதும் என்பார்: அது போகிற ஒரு புள்ளி, அது சாய்கிற சாய்வு. y-யிலிருந்து புள்ளியின் y-யைக் கழி, x-இலிருந்து புள்ளியின் x-ஐக் கழித்துச் சாய்வால் பெருக்கு, இரண்டும் சமம். அவ்வளவுதான்.

சாய்வில் ரஸ்ஸை யாரும் மிஞ்ச முடியாது. கூரை போடுகிற குடும்பம். மூன்றடி போனால் இரண்டடி ஏற வேண்டும் என்றால் அவன் கை கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடும். புள்ளியில்தான் விழுவான். y − 4 = ⅔ (x + 6) என்று இருந்தால், புள்ளி கழித்தல் ஆறு, நான்கு. அடைப்புக்குள் கூட்டல் தெரிவதற்குக் காரணமே, x-இலிருந்து ஒரு கழித்தல் எண்ணைக் கழித்ததுதான். ரஸ் ஒவ்வொரு தேர்விலும் ஆறு, கழித்தல் நான்கு என்று எழுதுவான்.

“கண்ணுக்குத் தெரியறதைத்தானே எழுத முடியும்? அங்க பிளஸ் ஆறுன்னு போட்டிருக்கு, நான் பிளஸ் ஆறுங்கறேன்,” என்பான்.

“அங்க ஒரு மைனஸ் உனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்குடா, ரஸ்ஸல். எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்திருக்காது,” என்பார் திருமதி ஆஸ்ட்ராண்டர். வகுப்பே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். திருத்திக்கொள்ள மாட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் பனி ஜன்னலை மூடிக்கிடக்கும்போது, அவனுடைய அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. வெளியே உலகம் எழுதப்படாத காகிதம் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு ஒரு பசு தோன்றியது. பால் ஊருக்கு ஏற்ற பசு. கொம்பு மேற்கே, வால் கிழக்கே, நான்கு கால்களும் தெற்கே தெருவைப் பார்த்தபடி.

வயலின் நடுவில் ஒரு முளை அடிப்போம். அதுதான் பூச்சியம். கிழக்கும் வடக்கும் கூட்டல், மேற்கும் தெற்கும் கழித்தல். முன்பெல்லாம் கொடி நட வேண்டிய இடங்களை மட்டும் இரண்டிரண்டு எண்களாக எழுதுவேன். கழித்தல் ஆறு என்றால் கழித்தல் ஆறு என்றே எழுதியிருப்பேன். அதனால்தான் ரஸ் நாரையைப் பிழையில்லாமல் எடுத்துக்கொண்டான். இந்த முறை பசுவின் ஒவ்வொரு கோட்டையும், திருமதி ஆஸ்ட்ராண்டர் சொன்ன வடிவத்தில் முழுச் சமன்பாடாக எழுதினேன். புள்ளியில் கொடியை நடு, சாய்வுக்குக் கயிற்றை இழு, அடுத்த கோட்டைத் தொடும் வரை வெட்டு. நேர் செங்குத்தான கோட்டுக்குச் சாய்வு கிடையாது. ஆகவே என் பசுவுக்குச் செங்குத்துக் கால்களும் கிடையாது. நடந்து களைத்தவள்போலக் கொஞ்சம் சாய்ந்தே நின்றாள்.

ஒரு பொய்கூட எழுதவில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வரியும் சத்தியம். படிக்கத் தெரிந்தவனுக்கு.

படத்தை எங்கேயும் வரையவில்லை. சோளம் முழங்கால் உயரம் வந்து, வெட்டியே ஆக வேண்டும் என்கிற வாரத்தில்தான், மாட்டுக்கொட்டகைக் கரும்பலகையில் சமன்பாடுகளை வரிசையாக எழுதினேன். பிறகு லானியை வரச்சொன்னேன். லானி ரஸ்ஸின் சித்தப்பா மகன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் புதிர்வழிக்கு வெட்டும் இயந்திரம் அவனிடம்தான் இருக்கிறது, அதனால் இரண்டு வயலுக்கும் அவன்தான். நாரை எந்த வழியாகப் பறந்தது என்று எனக்கு எப்போதோ தெரியும்.

“லானி, கொட்டகையில கொஞ்சம் உக்காரு. நான் போய் சாண்ட்விச் பண்ணிட்டு வர்றேன்.”

“அவசரமே இல்ல ரோண்டா. நல்லா நிதானமா பண்ணு,” என்றான்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தீவனப் பை ஒன்றைக் கிழித்து முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பலகையைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தான். பாவம், வியர்த்து ஊற்றியது. நான் ரொட்டியில் கூடுதலாக ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்தேன்.

என் கணக்கு இதுதான்: ரஸ் கொடிகளைத் தப்பான இடங்களில் நடுவான். கோடுகள் ஒன்றையொன்று தாறுமாறாக வெட்டும். அவன் வயல் நாய் குதறிய மெத்தை மாதிரி ஆகும்.

ஆனால் சில நாள் கழித்து லானி எங்கள் வயலை வெட்ட வந்தபோது என்ன சொன்னான் தெரியுமா?

“சும்மா சொல்லக்கூடாது, ரஸ்ஸோடது அம்சமா வந்திருக்கு. எல்லா வழியும் ஒண்ணோட ஒண்ணு அழகா சேருது. தெருப்பக்கம் வாசல்தான் எங்கயோ மாறிப்போச்சு, அதுக்குத் தனியா ஒரு வழி வெட்டிக்கிட்டோம்.”

அன்று சாயங்காலம் நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டி வேலி மேல் ஏறிப் பார்த்தேன். உண்மைதான். கோடு கோட்டைச் சந்தித்தது. ஒரு மூலைகூடப் பிசிறவில்லை. என்ன படம் என்று தரையிலிருந்து தெரியாது. ஆனால் அது ஏதோ ஒரு படம்தான், முழுசான படம். நெடுஞ்சாலையில் ஏற்கெனவே பெரிய பலகை வைத்திருந்தான்: ‘ஹார்ட்விக் புதிர்வழி. இந்த வருடம் ரகசியப் படம். பத்திரிகையில் பாருங்கள்!’ அவனுக்கே என்ன படமென்று தெரியாது என்பதால்தான் ரகசியம். காகிதத்தில் ஒருமுறை வரைந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ரஸ் எதையும் காகிதத்தில் செய்து பார்க்கிறவன் இல்லை.

நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த முட்டாள் கடைசியில் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டானா? அதுவும் என் செலவிலா?

காலையில் அப்பாவுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் தட்டில் வைத்தேன். அவருக்கு உருளைக்கிழங்கு முதலில் வேண்டும்; அது அந்தப் பக்கம் இருந்தது. தட்டை அரைவட்டம் திருப்பி உருளையைத் தன் பக்கம் கொண்டுவந்தார். முட்டை உடையவில்லை. எதுவும் கலையவில்லை. எல்லாம் இருந்தபடியே இருந்தது, திரும்பி மட்டும் இருந்தது.

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன்.

ரஸ் ஒரே ஒரு கோட்டில் தவறியிருந்தால் படம் சிதைந்திருக்கும். அவனோ ஒரு கோடு விடாமல், இரண்டு குறியையும் மாற்றிப் படித்திருக்கிறான். ஒவ்வொரு புள்ளியும் முளைக்கு நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. சாய்வோ, கூரைக்காரனின் கை, அணுவளவும் மாறவில்லை. எல்லாப் புள்ளியும் எதிர்ப்பக்கம் போய், எல்லாச் சாய்வும் அப்படியே இருந்தால், படம் கலையாது. அரைவட்டம் திரும்பும்.

என் பசு அவன் வயலில் நான்கு கால்களையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள்.

“என்னம்மா, சிரிக்கறே?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா. சாப்பிடுங்க.”

அந்தக் கோடை மிக நீளமாக இருந்தது. சோளம் வளர்ந்தது. ஒரு நாள் ரஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன், அவன் முகம் மாறுவதைத் தனியாகப் பார்க்கும் ஆசையில். அடக்கிக்கொண்டேன். தனியாகப் பார்த்து என்ன லாபம்? அப்பாவைத் தனியாகவா அவமானப்படுத்தினார்கள்?

பத்திரிகை வியாழக்கிழமை வரும். அன்று கறவை முடிந்ததும் அப்பாவின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“டாட் கடைக்குப் போலாம்பா.”

“வீட்ல காபி இருக்கேம்மா.”

“அது காபியா? வாங்க.”

நாங்கள் உள்ளே நுழைந்தபோது நீள மேசை ஏற்கெனவே குலுங்கிக்கொண்டிருந்தது. வெர்ன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் இரண்டு புகைப்படமும் அருகருகே இருந்தன. எங்கள் வயலில் பசு நின்றுகொண்டிருந்தாள். ஹார்ட்விக் வயலில் அதே பசு, அதே கொம்பு, அதே சாய்ந்த கால்கள், முதுகு தெருவில் பட மல்லாந்து கிடந்தாள். வாசலுக்காக அவன் தனியாக வெட்டிய வழி நேரே அவள் முதுகெலும்பில் குத்தியிருந்தது.

“வாங்க வாரன்,” என்றாள் டாட், ஒன்றுமே நடக்காததுபோல. “எப்பவும்போல கறுப்பா? கண்ணு, உனக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் ரஸ் வந்துவிட்டான். கையில் பத்திரிகைக் கட்டு. ஊருக்கெல்லாம் கொடுக்க வாங்கியிருக்கிறான், பிரித்துப் பார்க்கவில்லை. அவன் பின்னால் லானி.

“என்னய்யா, பாத்தாச்சா? எப்படி இருக்கு?”

“அடக்கம் எப்போ, ரஸ்?” என்றார் வெர்ன்.

“எது?”

வெர்ன் பத்திரிகையை அவன் முன் நகர்த்தினார். ரஸ் பார்த்தான். அவன் காதுகள் மெல்ல மெல்லச் சிவப்பதை நான் பொறுமையாகப் பார்த்தேன்.

“படத்தைத் தலைகீழா அச்சடிச்சுட்டானுங்க,” என்றான்.

“அப்போ இந்தப் படத்துல உங்க கொட்டகைக் கூரையில உங்கப்பன் பேரு மட்டும் எப்படிடா நேரா இருக்கு?” என்றார் வெர்ன்.

மேசை அதிர்ந்தது. ரஸ் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. போன வருடம் வேலை செய்த வழி.

“இவ மறுபடியும் என்னோடதைக் காப்பியடிச்சிருக்கா! பாருங்க, ரெண்டும் ஒரே மாடு. நான் வேணும்னே வித்தியாசமா இருக்கட்டும்னு படுக்கவச்சேன். இவ அதை நிமித்திட்டா, அவ்வளவுதான்.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. சிலர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். ஒரு கணம் எல்லாம் பழையபடி ஆகிவிடும்போல இருந்தது.

“அப்படியே வச்சுக்கலாம்,” என்றேன். “எப்படிப் போட்டே ரஸ்? கணக்குப் போட்டா, இல்ல கனவுல வந்துதா?”

“கணக்குதான். சமன்பாடு போட்டுத்தான். உனக்கு மட்டும்தான் தெரியுமா?”

“யாரு எழுதின சமன்பாடு?”

“நான்தான்.”

டாட்டிடம் பேனா வாங்கினேன். மேசைமேல் விரித்திருந்த காகித விரிப்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: y − 4 = ⅔ (x + 6).

“நம்ம ரெண்டு மாட்டுக்கும் இடது கொம்பு இது. எங்க கொடி நட்டே? ஒரே ஒரு புள்ளி வையி.”

“இதென்ன பெரிய விஷயமா?” என்று பேனாவைப் பிடுங்கினான். எண்ணினான். வலது பக்கம் ஆறு, கீழே நான்கு. அழுத்தி ஒரு புள்ளி வைத்தான். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தான்.

அந்த மேசையில் பாதிப் பேர், அல்லது அவர்கள் பிள்ளைகள், திருமதி ஆஸ்ட்ராண்டரிடம் படித்தவர்கள். ஒவ்வொரு முகத்திலும் அந்தப் பழைய சிவப்பு மை மெதுவாக ஊறி வருவது தெரிந்தது.

“அட கடவுளே,” என்றாள் டாட், காபிக் குடுவையைப் பிடித்தபடி. “அது மைனஸ் ஆறுடா. எனக்கே தெரியும். நான் ரெண்டு வருஷம் ஒன்பதாவது படிச்சவ!”

“இடது கொம்பு,” என்றேன், “என் வயல்ல இடதுபக்கம் மேல இருக்கு. இவன் வயல்ல வலதுபக்கம் கீழ. வேணும்னே படுக்கவச்சவன், படத்தைத் தலைகீழா அச்சடிச்சுட்டாங்கன்னு இப்ப எதுக்குச் சொன்னான்? இது யாரோ எழுதினது. இவன் தப்பாப் படிச்சது.”

ரஸ் சட்டென்று லானி பக்கம் திரும்பினான். “நீதாண்டா தப்பா எழுதிட்டு வந்தே!”

“நானா? ஒரு குறி விடாம எழுதினேன்!” லானி கத்தினான். “ரெண்டு தடவை சரிபார்த்தேன்! அவ கொட்டகைப் பலகையில எப்படி இருந்துதோ அப்படியே…”

பிறகுதான் தன் குரலைத் தானே கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பைவிட அது எனக்கு இனித்தது. வெர்ன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அப்போ நாரையும்தானா?” என்று கேட்டார். லானி தரையைப் பார்த்தான். வெர்ன் அப்பா பக்கம் திரும்பினார். அப்பாவின் பழைய நாற்காலியைக் காலால் வெளியே தள்ளி இடம் விட்டார். அப்பா அதைப் பார்த்தார். உடனே உட்காரவில்லை, வெர்னைக் கொஞ்ச நேரம் காக்கவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நான் அவர் மகள்தான் என்று அப்போது தெரிந்தது.

ரஸ் வெளியே போனான். நானும் போனேன். பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமலே டிரக்கில் எறிந்துவிட்டு நின்றான்.

“சனிக்கிழமை பள்ளிக்கூட பஸ் வருது, ரோண்டா.” குரல் இறங்கியிருந்தது. “இதை எப்படியாவது நிமித்த முடியுமா? உனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியும். சொல்லு, காலம் பூரா உனக்குக் கடமைப்பட்டிருப்பேன்.”

“சோளத்தை வெட்டலாம் ரஸ். வெட்டினது செப்டம்பர்ல முளைக்காது.”

“ஒன்பதாவதுலேர்ந்து என்கூட இருந்தே. ஒரு தடவை சரியா சொல்லிக் குடுத்திருக்கலாமே?”

“எத்தனை தடவை சொன்னேன்? நீதான் சிரிச்சுட்டே இருந்தே. இப்ப சிரி.”

அவன் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வருமோ என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

ஜன்னல் வழியே அப்பாவைக் கூப்பிட்டேன். யாரோ அவர் தட்டில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு ஒரு துண்டு வைத்திருந்தார்கள்.

“அப்பா, போலாமா?”

“நீ போம்மா. நான் இன்னொரு காபி குடிச்சிட்டு வெர்னோட வர்றேன்.”

தனியாகத்தான் திரும்பினேன். வீட்டுக்கு நெடுஞ்சாலை சுற்று வழி. ஆனாலும் அப்படியே போனேன். ஹார்ட்விக் வயல் முன்னால் வண்டிகள் நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. ரஸ் ஏணி போட்டு அந்தப் பெரிய பலகையை இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு பக்க ஆணி விட்டுவிட்டது. பலகை அவன் தோளில் சாய்ந்து நின்றது. நான் வேகத்தைக் குறைத்து, ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். வயல் முடியும்வரை அழுத்திக்கொண்டே போனேன். வயல் முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.